ஸ்ரீநிவாஸின் குறிப்புகளில் எரிந்தது எது?

சமூகவியல் ஆய்வாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் ஒரு கிராமத்தில் தங்கி எழுதிய களக்குறிப்புகள் மொத்தமும் தீயில் போய்விட்டன, அதனால் அந்தக் கிராமத்தைப் பற்றிய அவருடைய ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’ (நினைவிலுள்ள கிராமம்) புத்தகம் ஆதாரமில்லாத கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அந்தப் பதிவைப் பகிர வேண்டாம், பாதிதான் சரி.

1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். எரிந்தவை அவர் பல வருடம் உழைத்துத் தொகுத்த குறிப்புகள், மூன்று பிரதிகளும். ஆனால் 1948இல் மைசூர் அருகே கிராமத்தில் இருந்தபோது எழுதிய மூலக் குறிப்புகள் டெல்லியில் பத்திரமாக இருந்தன.

இரண்டும் ஒன்றல்ல. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து நான் கிறுக்கிய சின்ன நோட்டில் இன்னும் மீன் செதிள் ஒட்டியிருக்கிறது. ராத்திரி விரித்து எழுதியது வேறு நோட்டு. அது தொலைந்தாலும் சின்ன நோட்டு என் கையில் இருக்கும்.

நினைவை நம்பித்தான் அந்தப் புத்தகத்தை எழுதினார், சரி. அதை அவர் மறைக்கவே இல்லை, தலைப்பிலேயே இருக்கிறது. 1976இல் வந்த அந்தப் புத்தகத்தின் முன்னுரையைப் படித்தாலே அந்தத் தீ பற்றி அவரே சொல்வது கிடைக்கும். புதுச்சேரி நண்பர்கள் காலாப்பட்டு பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.