பைபிள் வாசித்தால் பொட்டு அழிந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் கதையை முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. சுருக்கமாக, நான் பைபிள் வாசிக்கிறேன், மதம் மாறிவிட்டேன் என்று கோயில் கமிட்டி கூட்டம் கூட்டியது. ஆமாம், நான் பைபிள் வாசிக்கிறேன், இதுதான் முதல் தடவை. வாசிக்கிறேன், அவ்வளவுதான். மதம் மாறவில்லை. மாறச் சொல்லி யாரும் காசு தரவும் இல்லை, தந்திருந்தால் அடகில் கிடக்கும் தோட்டையாவது மீட்டிருப்பேன்.

வாசிப்பது வேறு, மாறுவது வேறு. இதைப் படித்த மனிதர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல். "நாவலர் பிறந்த நாட்டில் இப்படியா" என்று எழும்பி நின்று கேட்ட அண்ணனுக்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் உட்கார்ந்து பைபிளைத் தமிழில் பெயர்க்க உதவியவரே ஆறுமுக நாவலர்தான். 1848இல் அதற்காக அவரோடு சென்னைக்கும் போய் வந்தார். அவ்வளவையும் வரி வரியாகப் பார்த்த மனிதர்தான் அப்புறம் சாகும் வரை சைவத்துக்காக நின்றார். அவர் திருநீறு அழியவில்லை, என் பொட்டு மட்டும் அழிந்துவிடுமா?

"முதலில் திருவாசகம் வாசித்தாயா?" என்று இன்னொருவர். வாசித்திருக்கிறேன், முழுவதும் இல்லை. நீங்கள் எத்தனை பதிகம் வாசித்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மரியாதைக்கு.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்டது அம்மா மட்டும்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து வந்த களைப்பில் அடுப்படியில் காலை நீட்டிக்கொண்டு, "அப்படி என்னதான் இருக்கு, சத்தமா வாசி" என்றார். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். எகிப்து ராஜா அடிமைகளுக்கு இனி வைக்கோல் தர மாட்டேன், அதையும் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது என்கிறான். கேட்டால், நீங்கள் சோம்பேறிகள் என்கிறான். அம்மா பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். வெயில் காலத்தில் செடியில் கொழுந்தே இல்லாதபோதும் 18 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான் என்று கேட்டுக் கேட்டே வயதானவர் அவர். கணக்குக் குறைந்ததற்கு அந்தச் சனத்திலிருந்தே வைத்த மேற்பார்வைக்காரர்களை ராஜாவின் ஆட்கள் அடித்தார்கள் என்று வாசித்தபோது, "கங்காணிக்கும் அடி விழுந்துச்சா? நம்ம தோட்டத்துல விழலையே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பெயர் மதமாற்றமா?

ரூத் கதையும் அப்படித்தான். பிழைக்க வந்த வெளியூர்க்காரி, அடுத்தவன் வயலில் சிந்தின கதிரைப் பொறுக்குகிறாள். நிலக்காரன் அவளை விரட்டவில்லை, அவளுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடச் சொல்கிறான். அவள் வம்சத்தில்தான் தாவீது ராஜா பிறக்கிறார். 1948இல் இலங்கையில் ஒரே குடியுரிமைச் சட்டத்தில் நாடில்லாமல் ஆக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் பேத்தி நான். எனக்கு அது வெறும் வேதக் கதையாகத் தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். யோசுவா புத்தகத்தில் எரிகோ நகரம் விழுந்ததும் ஆண், பெண், குழந்தை, கிழவர், ஆடு மாடு வரை வெட்டுகிறார்கள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், இரண்டு நாள் தொடவில்லை. இதையும் எழுதத்தான் இருந்தேன். அதற்குள் நீங்கள் கூட்டம் கூட்டிவிட்டீர்கள்.

"உனக்குத் தெரியாது, நோயையும் கடனையும் பார்த்துத்தான் மதம் மாற்றுகிறவர்கள் லயத்துக்குள், நம் தோட்டத்து வீடுகளுக்குள், வருகிறார்கள்" என்கிறீர்கள். தெரியும். மருந்தை நிறுத்து, ஜெபம் போதும் என்று சொன்ன ஒருவரோடு வாசலில் நின்று சண்டை போட்டவள் நான். அது அயோக்கியத்தனம்தான். ஆனால் அம்மா இடுப்பு உடைந்து படுத்திருந்தபோது பக்கத்து லயத்து வேதக்கார அக்காதான் கஞ்சி கொண்டு வந்தார், ஒரு நாள்கூடப் பிரசங்கம் செய்யவில்லை. கமிட்டியிலிருந்தும் வந்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. திருவிழாச் சந்தா புத்தகத்தோடு வந்தீர்கள். மாரியம்மனும் ரோதைமுனியும் என் சாமிகள்தான். அவர்களுக்கு என்மேல் கோபமில்லை, உங்களுக்குத்தான்.

யோபுவுக்கு எல்லாம் போய், உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடக்கும்போது மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய் திறந்த பிறகு அவர்களும் உங்களைப் போலத்தான், நீ ஏதோ தப்புச் செய்திருக்கிறாய் என்று ஆரம்பிக்கிறார்கள். ஆனாலும் அந்த ஏழு நாள் இருந்தார்களே!

கடைசியாக, இன்பொக்ஸில் "தேவன் உங்களை அழைக்கிறார் சிஸ்டர்" என்று அனுப்பும் அன்பர்களே, நீங்களும் கமிட்டிக்காரர்களும் ஒரே மாதிரிதான். அவர்கள் போய்விட்டாள் என்கிறார்கள், நீங்கள் வந்துவிட்டாள் என்கிறீர்கள். ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம். லேவியராகமத்தில் குஷ்டரோகத்தைப் பற்றி வரும் இரண்டு அதிகாரங்கள் எனக்குச் சுத்தமாக ஏறவில்லை. அதை விளக்குவதானால் வாருங்கள், தேத்தண்ணி ஊற்றுகிறேன்.