உங்கள் கண் போகும் இடத்துக்கே வகுப்பும் போகும்

"பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை" என்று புலம்பும் ஆசிரியர்களிடம் ஒரே கேள்விதான்: அந்த நேரத்தில் உங்கள் கண் எங்கே இருந்தது?

எதிரில் இருப்பவர் பார்க்கும் பக்கம் நம் கவனமும் தானாகத் திரும்பும். 1998-இல் பிரீசன், கிங்ஸ்டோன் என்ற உளவியலாளர்கள் திரையில் வெறும் கோட்டுமுகம் ஒன்றைக் காட்டிச் சோதித்தார்கள். அதன் கண்கள் ஒரு பக்கம் திரும்பும், பிறகு ஏதோ ஒரு பக்கத்தில் ஓர் எழுத்து தோன்றும். "இந்தக் கண்களை நம்பாதீர்கள், எழுத்து எந்தப் பக்கமும் வரலாம்" என்று முன்கூட்டியே சொல்லியும், கண் திரும்பிய பக்கத்தில் வந்த எழுத்தைப் பங்கேற்றவர்கள் சற்று வேகமாகக் கண்டார்கள். கண் திரும்பி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிவதற்குள்ளேயே இது தெரிந்தது. ஒரு நொடி கழிந்தால் காணோம். அவ்வளவு வேகம், அவ்வளவு குறுகிய ஆயுள்.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். படத்தில் இதயத்தின் இடது கீழறையைக் காட்ட வேண்டும். பலர் செய்வது: விரல் படத்தில், கண் மாணவர்மேல். விரல் "அங்கே பார்" என்கிறது, முகம் "என்னைப் பார்" என்கிறது. இரண்டும் முரண்பட்டால் பார்ப்பவர் தடுமாறுவார். இன்னொரு தவறு, முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவது. கண் தெரியாதபோது எதைப் பின்தொடர்வது?

சரியான வரிசை இது. முதலில் மாணவர்களை நேராகப் பாருங்கள். முகம் முகமாகச் சந்தித்த பிறகு திரும்பும் கண்ணுக்கு வலு அதிகம். ஆறு மாதக் குழந்தைகளிடமே இது தெரிகிறது. பிறகு தலையும் கண்ணும் சேர்ந்து படத்துக்குப் போகட்டும், விரல் அந்த அறையைத் தொடட்டும். அப்புறம்தான் பெயரைச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள். அவசரப்பட்டு மாணவர் பக்கம் திரும்பினால் அவர்கள் கவனமும் கூடவே திரும்பிவிடும்.

இதில் நம் எல்லோரையும்விடத் தேர்ந்தவர்கள் மேஜிக் கலைஞர்கள். நாணயம் வலது கையிலேயே இருக்கும். அதை இடது கைக்கு மாற்றியதுபோல் மூடி, அந்த வெற்றுக் கையையே கண் கொட்டாமல் பார்ப்பார்கள். வலது கையை ஒரு கணம் ஓரக்கண்ணால் பார்த்தாலும் வித்தை போச்சு.

ஆள் கூடினால் இழுப்பும் கூடும். 1969-இல் உளவியலாளர் மில்கிராமின் குழு வெளியிட்ட நியூயார்க் ஆய்வில், நடைபாதையில் ஒருவர் நின்று மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தபோதே கடந்து சென்றவர்களில் 42 சதவீதம் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினைந்து பேர் நின்றபோது 86 சதவீதம். அதனால் முன்வரிசையை முதலில் பிடியுங்கள், பின்வரிசை தானே வரும்.

இணைய வகுப்பு எடுப்பவர்கள் குறிப்புத்தாளைப் பக்கவாட்டில் வைக்க வேண்டாம். கேமராவுக்கு நேர் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள்.