கரைவலையில் பலமான பக்கம்தான் முதல் ஆபத்து

கூட்டு வேலை, பொறுமை என்று பேச்சு வந்தாலே, தூண்டிலோடு குளக்கரையில் குந்தியிருக்கிற ஒருவரின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். அது தனியாள் வேலை. சும்மா இருப்பதும் பொறுமையும் ஒன்றல்ல. முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளில் கடல் அடங்கிக் கிடக்கும் சோழகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் ஒரு கரைவலை வளைப்பை, அதாவது பெருவலையைக் கடலில் இறக்கிக் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பதை, முதலிலிருந்து கடைசிவரை நின்று பாருங்கள். கயிற்றைப் பிடித்து செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பினால் ஒன்றும் விளங்காது.

வலையின் நடுவில் மடி, மீன் சேரும் பை. அதன் இரு புறமும் கைகள்போல நீளும் வலை; கரைப்பக்கம் வலைக்கண் பெரிது, மடியை நெருங்க நெருங்கச் சிறிது. மேலே மிதவை, கீழே ஈயம். இரு முனையிலும் நூற்றுக்கணக்கான மீற்றர் கயிறு. ஒரு நுனியைக் கரையில் கொடுத்துவிட்டு வள்ளம் வெளியே போகும். கயிறு, வலை, மற்றக் கயிறு என்று அரைவட்டமாக இறக்கிக்கொண்டு தள்ளி ஓரிடத்தில் கரை சேரும். பிறகு இரண்டு அணி, இரண்டு கயிறு, சில மணி நேர இழுப்பு.

பார்க்க வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று: கயிறும் மீனை மறிக்கிற கருவிதான். அது அடியில் உரசி மணலைக் கலக்கும்போது மீன் உள்ளே ஒதுங்கும். ஆகவே வலை கண்ணிலேயே படாத முதல் கட்டத்திலும் இழுப்பு சீராக இருக்கவேண்டும். இடுப்பில் ஒரு பட்டி, அதிலிருந்து சிறு கயிறு. அதைப் பெருங்கயிற்றில் கொளுவிப் பின்பக்கமாக நடக்கவேண்டும். மேட்டுக்கு வந்தவர் கழற்றிக்கொண்டு மறுபடி தண்ணீர் விளிம்புக்குப் போய்க் கொளுவுவார். இருவர் ஒரே நேரத்தில் கழற்றினால் கயிறு பின்னோக்கி வழுகும்.

வேகமாக இழுத்தால் ஈயம் நிலத்தை விட்டுக் கிளம்பும். மீன் அடியால் போய்விடும். நிறுத்தினால் வாய் தளர்ந்து மீன் திரும்பிவிடும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணி, பிந்திய பக்கத்தால் மீன் வெளியேறும். இளந்தாரிகள் நிறைந்த பக்கம்தான் பெரும்பாலும் இந்தக் கூத்தைச் செய்வது! மற்றப் பக்கத்தைத் திட்டி வேகப்படுத்துவதில் பயனில்லை. முந்துகிற பக்கம் கையை அடக்கவேண்டும், அல்லது இரண்டு பேரை மற்றப் பக்கம் அனுப்பவேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. கயிறு துண்டு துண்டாக முடிச்சுப் போட்டு இணைத்ததுதானே. எத்தனை முடிச்சு கரையேறியது என்று இரு பக்கமும் குரல் கொடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நீவாடு (கடல் நீரோட்டம்) வலையைப் பக்கவாட்டில் தள்ளினால் இரண்டு அணியும் கரையோரமாகச் சேர்ந்தே நகரவேண்டும். இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு களைப்புத் தீர மட்டும் வந்ததல்ல, எல்லாக் காலும் ஒரே நேரத்தில் ஊன்றுவதற்கும்தான்.

மடி கரையை நெருங்கும்போதுதான் ஆட்கள் பொறுமை இழப்பார்கள். நெத்தலி, சூடை மீன்கள் மினுங்குவது தெரிந்தவுடன் எல்லாரும் மடியைப் பார்க்க ஓடுவார்கள், கயிற்றில் ஆளில்லை. அந்த நேரத்தில் சிலர் தண்ணீரில் இறங்கி ஈயக் கயிற்றைக் காலால் அமத்த, சிலர் மேல் கயிற்றைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், துள்ளுகிற மீன் தாண்டாமல். நிறைந்த மடியை அப்படியே மணலில் இழுத்தால் கிழியும்; தண்ணீரில் வைத்தே கடகத்தால் அள்ளவேண்டும். சொறி (ஜெல்லிமீன்) நிறைந்து வந்தால் இன்னும் கடினம். மடியின் நுனியை அவிழ்த்து அதைப் போகவிடத்தான் வேண்டும், கொஞ்ச மீனும் சேர்ந்து போகும். வலை மிஞ்சும்.

இப்போது உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுப்பது பெரிய வாக்குவாதம். இழுக்க ஆள் கிடைக்காத கரைகளில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வேறு என்னதான் செய்வார் என்பது நியாயமான கேள்வி. ஆனால் கயிறு கல்லில் மாட்டியது கைக்கு உடனே தெரியும், வின்சுக்குத் தெரியாது. வலை கிழிந்த பிறகுதான் நிறுத்துவார்கள். வின்ச் இழுத்தாலும் கயிற்றில் கைவைத்து நிற்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. இழுவைக் கூலியின் பங்கு குறைவது தனிக் கதை.

இவ்வளவு பேரிலும் யாரும் படமெடுக்காத ஆள், மேட்டில் இருந்து கயிறு சுருட்டுபவர். அநேகமாக வயதானவர். ஈரக் கயிற்றை முறுக்கு ஏறாமல் வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டிருப்பார். அவர் அவசரப்பட்டால் அன்றைய வளைப்புக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வளைப்பில், வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சிக்கு எழும்பி வரும், பக்கத்தில் நிற்பவரின் காலைத் தேடி.