40 தாண்டினால் பியானோ திரும்ப வராதா?

“40 தாண்டினால் விரல் இறுகிவிடும். விட்ட பியானோவைப் பிடிக்கக் கை வலிக்கும்வரை தினம் 3 மணித்தியாலம் வாசிக்க வேண்டும்.” மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் இரண்டு விதத்திலும் பிழை.

சிறுவயதில் நன்றாகப் பழகிய அசைவு நெடுங்காலம் நினைவில் தங்கும். குறைவது வேகமும் விரல்களின் சமநிலையும், இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கும் சுறுசுறுப்பும்தான். வலியோ பயிற்சியின் அடையாளமல்ல. தசைநாண் உரசி வீங்குவதாக இருக்கலாம். வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

தொடக்கத்துக்குக் கிழமையில் 5 நாள், 25 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் சி மேஜர் ஸ்கேல் (வெள்ளைக் கட்டைகளில் மட்டும் வரும் சுரவரிசை): மெட்ரோனோம் எனும் தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு ஒரு சுரம், ஒவ்வொரு கையாக. மிச்ச நேரம் ஒரே பாடலின் 4 பார் (தாளக் கட்டம்) மட்டும். மூன்று தடவை பிசகாமல் வந்தபின்பே மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 4 அடி கூட்டுங்கள். அவசரப்பட்டால் பிழையே பழகிவிடும்.

மோதிர விரல் பின்தங்குவது வயதால் அல்ல. அதன் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்தது, இளையவர்களுக்கும் அப்படித்தான். அதை உயரத் தூக்கிப் பலப்படுத்தப் பார்க்காதீர்கள்.

வாவிக்கரை வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள்: மாரி ஈரத்தில் மரம் ஊதிப் பியானோக் கட்டை ஒட்டும். அழுத்திய கட்டை எழும்பாவிட்டால் குறை உங்கள் விரலில் இல்லை.