கொஞ்சம் வழி விடுங்கப்பா

வேலூரிலிருந்து மெரினாவுக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பாலாற்று மணலையே பார்த்து வளர்ந்த அம்மாவுக்குக் கடலைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசை. சக்கர நாற்காலிக்காக 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, அப்புறம் சரிசெய்தார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் அதை மறித்து நிற்கிறவர்களை என்ன சொல்வது? நடக்க முடிகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய மணல்வெளி கிடக்கிறதே, செல்ஃபி எடுக்க இந்த 3 மீட்டர் அகலப் பலகைதானா கிடைத்தது? வழி கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. பாதை தொடங்கும் இடத்தில் ஒதுங்கப்போய் முன்சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. சின்னச் சக்கரம், தள்ளத் தள்ளப் புதையும்; நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போதும்டா, இங்கிருந்தே பார்த்துக்கிறேன்" என்றாள்.