முபாரக் சவுதிக்கு ஓடவில்லை

"2011இல் மக்கள் திரண்டதும் எகிப்து அதிபர் முபாரக் குடும்பத்தோடு விமானம் ஏறி சவுதிக்கு ஓடிவிட்டார்." எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய தகவல் இது. தவறு.

ஓடியவர் துனிசியா அதிபர் பென் அலி. 2011 ஜனவரி 14 அன்று சவுதிக்குப் போனவர், 2019இல் ஜெத்தாவிலேயே இறந்தார். இரண்டு வீழ்ச்சிக்கும் இடையே நான்கே வாரம், குழம்புவது சகஜம்தான்.

முபாரக் கதை வேறு. பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. இங்கே திருவல்லிக்கேணியில் இரவு ஒன்பதரை இருக்கும். அம்மாவிடம் கெஞ்சி ரிமோட்டை வாங்கியிருந்தேன். துணை அதிபர் ஒமர் சுலைமான் திரையில் வந்து, முபாரக் விலகுகிறார், அதிகாரம் ராணுவத்திடம் போகிறது என்று படித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கெய்ரோவில் போராட்டக்காரர்கள் கூடியிருந்த தஹ்ரீர் சதுக்கம் அலறியது. "யாருக்குடா கல்யாணம்?" என்றார் அம்மா.

முபாரக் அப்போது போயிருந்தது ஷர்ம் எல் ஷேக்குக்கு. அது எகிப்துக்குள்ளேயே இருக்கும் கடற்கரை ஊர். ஏப்ரலில் காவலில் வைத்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நீதிமன்றக் கூண்டுக்குள் கொண்டுவரப்பட்டார். அதையும் நேரலையில் பார்த்தோம். போராட்டக்காரர்கள் கொலை வழக்கில் 2012இல் ஆயுள் தண்டனை, அப்புறம் அது ரத்து, மறுவிசாரணை. ஊழல் வழக்கில் மட்டும் மூன்றாண்டு தண்டனை நிலைத்தது. கொலை வழக்கில் 2017இல் விடுதலை. 2020 பிப்ரவரி 25 அன்று கெய்ரோவில் இறந்தார். ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

சித்தப்பாவுக்கும் இதை அனுப்பிவிட்டேன். நீல டிக் வந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.