அட்டையில் இல்லாத பெயர்

எடித் ஸ்டைன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவர் கொல்லப்பட்டது. அல்லது 1998-இல் கத்தோலிக்கத் திருச்சபை அளித்த புனிதர் பட்டம். இரண்டையும் வணங்குகிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தத்துவவாதி தொலைந்துபோகிறாரே என்ற ஆற்றாமை எனக்கு நெடுநாளாக உண்டு.

1916-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில், தோற்றப்பாட்டியலின் (பொருள்கள் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் தத்துவமுறை) மூலவரான ஹுஸ்ஸர்லிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள் ஒத்துணர்வு. நண்பர் ஒருவர் வந்து, தன் சகோதரன் இறந்துவிட்டதாகச் சொல்கிறார். அவருடைய துயரம் எனக்கு எப்படித் தெரிகிறது? முகத்தைப் பார்த்து ஊகிக்கிறேனா? அழுகை என்னையும் தொற்றிக்கொள்கிறதா? இரண்டும் இல்லை என்கிறார் ஸ்டைன். அந்தத் துயரம் அவருடையதாகவே என் முன் நிற்கிறது. படுபவர் அவர், உணர்ந்து நிற்பவள் நான். 1915-இல், போர்க்காலத் தொற்றுநோய் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர் எழுதியது இது. அதை மறந்துவிட்டு என்னால் அந்த ஆய்வேட்டைப் படிக்க முடிவதில்லை.

பிறகு ஹுஸ்ஸர்லின் உதவியாளரானார். ஆசிரியர் சுருக்கெழுத்தில் எழுதிக் குவித்திருந்த தாள்களைப் பெயர்த்தெழுதி, கோத்து, நூலாக்கும் வேலை. அடுக்கிக் கொடுத்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1918-இல் ஸ்டைன் விலகினார். அவர் ஒழுங்குபடுத்திய, காலவுணர்வு பற்றிய விரிவுரைகள் 1928-இல் அச்சேறியபோது பதிப்பாசிரியர் தத்துவவாதி ஹைடெகர். ஸ்டைனுக்குக் கிடைத்தது முன்னுரையில் ஒரு சிறு குறிப்பு. இதை அநீதி என்றே சொல்வேன்.

1919-இல் ஹுஸ்ஸர்ல் ஒரு பரிந்துரைக் கடிதம் தந்தார்: பல்கலைக்கழகப் பணி பெண்களுக்குத் திறக்கப்பட்டால், முதலில் இவரையே மனமாரப் பரிந்துரைப்பாராம். அந்தப் ‘பட்டால்’ என்ற சொல்லில் ஒரு வாழ்க்கையே சிக்கிக்கொண்டது. பேராசிரியர் தகுதிக்கு ஸ்டைன் அளித்த விண்ணப்பத்தைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பிரஷ்ய அமைச்சகத்துக்கே எழுதினார். பெண் என்பது அத்தகுதிக்குத் தடையாகாது என்று 1920 பிப்ரவரியில் ஆணை வந்தது. வழி பிறந்தது மற்றவர்களுக்கு. அவருக்கு அந்தத் தகுதி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஸ்பெயரில் பள்ளி ஆசிரியையாகச் சில ஆண்டுகள். 1932-இல் மியூன்ஸ்டரில் ஒரு விரிவுரையாளர் பணி. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1933-இல் அதுவும் போயிற்று. கத்தோலிக்கராக மாறியிருந்த அவர், கார்மல் கன்னியர் மடத்தில் சேர்ந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார், 1942 ஆகஸ்டில் நாஜிகளால் மடத்திலிருந்து இழுத்துச் செல்லப்படும்வரை.

ஹுஸ்ஸர்லின் காலவுணர்வு விரிவுரைகளைப் பாடம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் தாள்களைக் கோத்தவர் பெயரை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். அப்படியே அவருடைய ஆய்வேட்டையும் மாணவர்கள் கையில் கொடுங்கள்.